கரண்ட் பில் யார் பேரில்?

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரியிலிருந்து வருகிறேன். வழியெல்லாம் மிஸ்ட், பஸ் ஊர்ந்துதான் வந்தது. பேசும்போது மூச்சு வாங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு குடும்ப அட்டை இருக்கிறது. ரேஷன் அட்டை அல்ல, இலங்கையில் கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அந்தக் கணக்கில் நாங்கள் ஏழு பேர். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, நேரே நீலகிரிக்கு வந்தோம். ஏன் நீலகிரி? அத்தை இங்கே இருந்தார், அவ்வளவுதான். கொழுந்து பறிக்கத் தெரிந்த கைகளுக்கு ஏற்ற மலை என்பதெல்லாம் பிற்பாடு சொல்லிக்கொண்டது.

அத்தையின் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுதான் லயம்; அதில் ஒரு அறையை அப்படித்தான் சொல்வோம்) குறுக்கே கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிட்டு, இரண்டு குடும்பமாக இரண்டு வருஷம் இருந்தோம். கடையில் அரிசி அத்தை கணக்கில். பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கக் கையெழுத்துப் போட்டது மாமா. பிழைக்கப் போன சனம் கூடி வாழும் இடம் எந்த ஊரிலும் இப்படித்தான் முளைக்கிறது. முந்தி வந்தவர் முதுகில் பிந்தி வந்தவர்.

மும்பையின் குடிசைப் பகுதியான தாராவியை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்குப் போன நம் ஆட்கள் நிறைய. இப்போதைய மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதாகத் தாள் காட்டுகிறவருக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம். பிறகு வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் தாராவிக்கு வெளியேதான், அதுவும் பணம் கட்டி. மாடியில் இருப்பவர் யார்? பல வீடுகளில் கீழ்வீட்டுக்காரரின் தம்பி மகனாகத்தான் இருப்பார். எங்களுக்குச் சேலை, அவர்களுக்கு இரும்பு ஏணி.

டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலோரம் மதராசி கேம்ப் என்று ஒரு தமிழர் குடியிருப்பு. நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189 குடும்பங்கள். நரேலா நகரத்தின் மறுகோடி. ஜங்புராவில் நாலு வீடு பாத்திரம் தேய்த்த அம்மா அங்கிருந்து எந்தப் பஸ்ஸைப் பிடித்துக் காலை ஆறு மணிக்கு வந்து சேர்வார்?

வடிகாலை அடைத்துக்கொண்டு குடியிருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. மழைக்கு மண் சரிகிற ஊர்க்காரி நான். ஆனால் தாளில் ஒரு தேதியைக் குறித்து, அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரிக்கும்போது, யாரை அண்டி யார் இருந்தாரோ அந்த இரண்டு பேரைத்தான் பிரிக்கிறார்கள். கணக்கெடுப்புப் படிவத்தில் 'யாரை நம்பி வந்தீர்கள்?' என்று ஒரு கட்டம் சேர்த்தால் என்ன? அவர்களுக்கு ஒரே படிக்கட்டில் வீடு ஒதுக்கலாமே.

நம் கூடலூரில் செக்‌ஷன் 17 நிலத்துக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஜமீன் மாதிரியான ஜென்ம நிலவுரிமையை ஒழித்த 1969ஆம் வருஷத்துச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் தொடங்கிய சிக்கல். பட்டாவும் இல்லை, பல வீடுகளுக்குக் கரண்டும் இல்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் கூப்பிடுங்கள், வருகிறேன்.

போன மாதம் எங்கள் சரிவில் வீட்டுக் கணக்கெடுக்க ஒரு தம்பி வந்தார். "கரண்ட் பில் யார் பேர்ல இருக்கு?" என்றார். செத்துப்போன அத்தை பேரில்தான் இருக்கிறது. அம்மா உள்ளே போய், பிளாஸ்டிக் பையிலிருந்து கண்டி அட்டையை எடுத்துவந்து நீட்டினார். தம்பி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல சிலோன் அட்ரஸ்ல்ல இருக்கு, பாட்டி."