கயத்தாறும் யார்க்டவுனும்

பெரியவர்களே, தாய்மார்களே, அண்ணாச்சிமார்களே, வணக்கம்.

அமெரிக்க விடுதலைப் போரை நடத்திய ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் பாளையங்கோட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசலில் ஓர் அண்ணாச்சி கேட்டார். சொல்கிறேன். கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது 1799 அக்டோபர் 16. வாஷிங்டன் கண்ணை மூடியது அதே வருஷம் டிசம்பர் 14. இடையில் இரண்டு மாதம்கூட இல்லை.

இன்னொன்றும் உண்டு. 1781-ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி வாளைத் துணைத் தளபதியிடம் கொடுத்தனுப்பினார். அவரேதான் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்து இறங்கியவர். 1792-ல் ஆற்காட்டு நவாபோடு அவர் போட்ட ஒப்பந்தத்தால்தான் நம் பாளையக்காரர்களிடம் திறை வசூலிக்கும் உரிமை கம்பெனி கைக்குப் போனது. பாஞ்சாலங்குறிச்சிக்கு வினை அங்கேதான் ஆரம்பம்.

சரி, வாஷிங்டனுக்கு வருவோம். பல சண்டைகளில் தோற்றவர்தான் அவர். என் மனசு போய் நிற்பது போர்க்களத்தில் இல்லை. 1783 மார்ச்சில், நியூபர்க் முகாமில். சண்டை ஓய்ந்துவிட்டது, அதிகாரிகளுக்குச் சம்பளம் வந்தபாடில்லை. பட்டாளத்தைக் காட்டி காங்கிரஸை, அதாவது அந்த நாட்டுச் சட்டசபையை, மிரட்டிப் பார்க்கலாமா என்று கொதித்துப்போய்க் கூடியிருக்கிறார்கள். வாஷிங்டன் வந்து பேசுகிறார். ஒரு முகமும் இளகவில்லை. அப்புறம் ஒரு கடிதத்தை வாசிக்க எடுக்கிறார். எழுத்து பிடிபடவில்லை, தடுமாறுகிறார். பையில் கையை விட்டு மூக்குக்கண்ணாடியை எடுக்கிறார். அவர் கண்ணாடி போட்டு அங்கே அநேகம் பேர் பார்த்ததே இல்லை. நாட்டுக்கு உழைத்துத் தலை நரைத்தது, இப்போது கண்ணும் மங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். சண்டையில் பழுத்த ஆட்கள் கண் கலங்கிவிட்டார்கள்.

அன்றைக்கு அவர் தலையசைத்திருந்தால் படை மொத்தமும் பின்னால் போயிருக்கும். அவரோ அந்த டிசம்பர் 23-ல் அன்னபோலிஸுக்குப் போய், தளபதிப் பதவியை காங்கிரஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். 1789-ல் முதல் ஜனாதிபதி. இரண்டு தவணை, எட்டு வருஷம். மூன்றாவது வேண்டாம் என்று தானே ஒதுங்கிக்கொண்டார்.

ஒன்றை மறைத்துப் பேசினால் அவரைப் பற்றிப் பேசியதாகாது. விடுதலைக்குப் போராடியவர் பண்ணையில் அடிமைகள் இருந்தார்கள். தனக்குச் சொந்தமான 123 பேரை, மனைவி காலத்துக்குப் பிறகு விடுவிக்கும்படி 1799 ஜூலையில் உயில் எழுதினார். உயிரோடு இருந்தபோதே செய்திருக்க வேண்டும். எனக்கு அது ஆறாத வருத்தம். மனைவி மார்த்தா தன் காலம் முடியும்வரை காத்திருக்காமல் 1801 ஜனவரி 1-ல் அவர்களை விடுவித்தார்.

அடுத்த மாதம், இதோ இந்தப் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பி வெளியே வந்தார்.