ஆசிரியருக்குக் கால் பங்கு

ஆசிரியப் பெருமக்களே, ஆசிரியப் பயிற்சி பெறும் இளையோரே, வணக்கம்.

மாணவருக்குப் புலமை எந்தெந்த வழியில் சேர்கிறது என்பதற்கு நன்னூலின் பாயிரம் ஒரு கணக்குச் சொல்கிறது. ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கால் பங்குதான் சேரும்: 'காற்கூறு அல்லது பற்றலன்'. உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் வகுத்த இந்தப் பங்கீட்டைத்தான் இன்றைய மொழி வகுப்புக்கும் அளவுகோலாக வைக்கிறேன்.

40 நிமிடப் பாடவேளை, 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் 30 நிமிடம் பேசினால் மிஞ்சுவது 10 நிமிடம். தலைக்கு 15 விநாடி. அதே வகுப்பில் 6 நிமிடம் இருவர் இருவராகப் பேச விட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 3 நிமிடம் கிடைக்கும். நாவும் கையும் பழகாமல் மொழி வராது. அதனால் மொழியாசிரியர் ஏற்கும் பொறுப்புகளில், பிள்ளைகள் பேசவும் எழுதவும் ஏற்பாடு செய்யும் அமைப்பாளர் பொறுப்பையே முதலில் வைக்கிறேன்.

இருவர் பேச்சு என்றாலே சந்தைக் கூச்சலாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கூச்சல் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் தொடங்கிய விதம்தான். பிள்ளைகளைத் திரும்பி உட்காரச் சொல்லி, தாளையும் கொடுத்துவிட்டு, அதன்பிறகு என்ன செய்வதென்று விளக்கினால் யார் காதிலும் விழாது. எல்லோரும் முன்னால் பார்த்திருக்கும்போதே வேலையைச் சொல்லுங்கள். ஒரு பிள்ளையை அழைத்து நீங்களும் அவருமாகச் செய்து காட்டுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் 'புரிந்தது' என்றுதான் பதில் வரும். 'முதலில் கேள்வி கேட்பவர் யார்? எத்தனை கேள்வி?' என்று கேட்டால் உண்மை தெரியும். நேரத்தைச் சொல்லுங்கள், முடிவுக்கு ஒரு கைதட்டலை அடையாளமாக வையுங்கள். பிறகு பிரித்து விடுங்கள். குழு நான்கு பேரைத் தாண்டக் கூடாது. எட்டுப் பேர் குழுவில் மூவர் பேசுவார்கள், ஐவர் சன்னலைப் பார்ப்பார்கள்.

அவர்கள் பேசும்போது ஆசிரியர் செவியாக மட்டும் இருக்க வேண்டும். வரிசைகளுக்கு இடையே நடங்கள், காதில் விழும் பிழைகளைக் கையேட்டில் குறித்துக்கொள்ளுங்கள், குறுக்கிடாதீர்கள். ஒரு சிறுமி தன் ஊர்த் திருவிழாவைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது 'பெஞ்சுச்சு இல்லை, பெய்தது' என்று நிறுத்தினால் அவள் மழையையும் மறப்பாள், திருவிழாவையும் மறப்பாள். 'பெஞ்சுச்சு' பிழையே அல்ல; அது பேச்சுத் தமிழ். முடிந்தபின் அப்படிப்பட்ட நான்கு வாக்கியங்களைக் கரும்பலகையின் இடப்பக்கம் பேசியபடியே எழுதி, வலப்பக்கத்தில் எழுத்து வழக்கை வகுப்பையே சொல்ல வையுங்கள். பேச்சைத் தாழ்த்தாமல் எழுத்தைக் கற்பிக்க நான் அறிந்த நல்ல வழி இது. யார் சொன்ன வாக்கியம் என்று பெயர் சொல்ல வேண்டாம்.

உச்சரிப்பு வரும்போதுதான் ஆசிரியர் முன்மாதிரி ஆகிறார். அங்கே அவர் பேசியே ஆக வேண்டும். வலி, வளி, வழி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். லகரத்துக்கு நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்குப் பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு வளைந்தபடி அண்ணத்தை அழுத்தாமல் நெருங்கி நிற்கும். விளக்கியதும் 'சொல்லு, சொல்லு' என்று விரட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. காதில் பிரியாத ஒலி நாவில் பிரியாது. வாயைப் புத்தகத்தால் மறைத்து ஒரு சொல்லைச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஒன்று, இரண்டு, மூன்று என விரல் காட்டட்டும். விரல்கள் சரியானபின் நாவுக்குப் போகலாம்.

கேள்வி கேட்பவராகவும் நமக்கொரு வேலை உண்டு. 1970களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்ததைக் கண்டார். மூன்று விநாடி காத்தபோது பதில்கள் நீண்டன. மனத்துக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது சிவப்பு மை. ஒரு கட்டுரையில் இருபது பிழை இருந்தால் இருபதையும் திருத்தித் தருவது ஆசிரியருக்குத்தான் பயிற்சி. பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஏட்டை மூடிவிடும். ஒரு வாரத்துக்கு ஒருவகைப் பிழையை மட்டும் எடுங்கள். 'அந்த பையன்', 'படித்து பார்' என்பவற்றுக்கு ஓரத்தில் 'ஒ', அதாவது ஒற்று. 'பறவைகள் பறந்தது' என்றால் 'மு', முடிவைப் பார். அடிக்கோடும் குறியும் உங்களுடையவை, திருத்தம் பிள்ளையுடையது. திருத்தியதை மறுபடி பார்க்காவிட்டால் இந்த முறை இரண்டாம் வாரமே செத்துவிடும். 40 ஏட்டையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. நாளுக்கு எட்டு என்று வைத்தால் ஐந்து நாளில் ஒரு சுற்று முடியும்.

ஒசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீட்டுப் பிள்ளைகள், திருப்பூரில் இந்தி பேசும் தொழிலாளர் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களிடம் ஆசிரியர் இரு மொழிக்கும் நடுவே நிற்பவர். இந்தியில் ஒலிக்கொரு எழுத்து கண்ட பிள்ளை, தமிழின் ஒற்றைக் ககரத்தைப் பார்த்துத் திகைக்கும். அதைக் கவனக்குறைவு என்று கண்டிக்காதீர்கள், விதியைச் சொல்லுங்கள்: கல், பக்கம், பங்கு, பகல். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி. மெல்லினத்தை அடுத்து வந்தால் தொண்டை அதிரும் ஒலி, அதாவது அதிர்வொலி. இரண்டு உயிரொலிகளுக்கு இடையே தளர்ந்த ஒலி. 'நான்கிலும் ககரம் ஒரே மாதிரி ஒலிக்கிறதா?' என்று தமிழ் பேசும் பிள்ளைகளையும் கேளுங்கள். அவர்களும் உரக்கச் சொல்லிப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.