எட்டு மாதத்தில் மூன்று தடவை மை பூசிய விரல்

(2025 மே கடைசியில் இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மாரே, பின்னால் நின்றுகொண்டிருக்கும் தம்பிமாரே, வணக்கம். முன்னால் கதிரை காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

போன வருடம், 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். நவம்பர் 14 பாராளுமன்றம். இந்த மாதம் 6ஆம் திகதி உள்ளூராட்சி சபைகள். எட்டு மாதத்துக்குள் மூன்று தடவை விரலில் மை பூசிக்கொண்டோம். மலைநாட்டுக்காரன் தோட்டத் தொழிற்சங்கம் காட்டிய பக்கம் புள்ளடி (வாக்குச் சீட்டில் போடும் X குறி) போடுவான் என்று கொழும்பில் சொல்வார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

செப்டெம்பரில் நாட்டில் வென்றவர் அநுர குமார திசாநாயக்க. நுவரெலியா மாவட்டத்தில் முதலாவதாக வந்ததோ சஜித் பிரேமதாச. இரண்டாவது ரணில் விக்கிரமசிங்க. அநுரவின் சின்னமான திசைகாட்டிக்கு இங்கே 100க்கு 22 வாக்குதான். எட்டே வாரம் கழித்து அதே மாவட்டத்தில் திசைகாட்டி 100க்கு 40ஐத் தாண்டி, 8 ஆசனத்தில் 5ஐ எடுத்துக்கொண்டது. எந்தச் சங்கம் சொல்லி இது நடந்தது? தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குள்ளேயே அம்மா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். நம் பெண்கள் இருவர், நுவரெலியாவில் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல், பாராளுமன்றம் போனார்கள். 1947இல் ஏழு பேரை அனுப்பி, அடுத்த வருடமே குடியுரிமையைப் பறிகொடுத்த சனம் நாம். அதற்குப் பிறகு ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப 1977 வரை காத்திருந்தோம். ஆகவே இது சின்ன விஷயமில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுக்க 3 லட்சம் வாக்கு நிராகரிக்கப்பட்டது. பாராளுமன்றத் தேர்தலில் அது 6 லட்சத்தைத் தாண்டியது. கட்சிக்குப் புள்ளடி போடாமல் வேட்பாளரின் விருப்பு இலக்கத்தில் மட்டும் போட்டால் அந்தச் சீட்டு குப்பைக்குத்தான். மேடை போட்டுச் சின்னத்தைக் காட்டினோம், சீட்டை எப்படி நிரப்புவது என்று காட்டவில்லை. நானும் காட்டவில்லை.

சரி, மே மாதத்துக்கு வருவோம். நாடு முழுக்க 339 சபை. நவம்பரில் நாடு முழுக்க 100க்கு 61 வாங்கிய ஆளும் கட்சி, அதாவது திசைகாட்டி, இந்தத் தடவை 43. அப்படியும் 260க்கும் மேற்பட்ட சபைகளில் அதுதான் முதலிடம். ஆனால் நிறையச் சபைகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஜூன் 2 தொடங்கிச் சபைகள் கூடும்போது தலைவர் கதிரைக்கு இழுபறிதான்.

எனக்கு இந்தத் தேர்தல்தான் பெரிது. பலர் சிரிக்கிறீர்கள். லயத்துப் பின்னால் கான் (கழிவுநீர் வாய்க்கால்) அடைத்தால் ஜனாதிபதியா வந்து தோண்டுவார்? 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடம் கைவிரித்தார்கள். வாக்கு மட்டும் வேண்டும், பாதை போட மாட்டார்கள். 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதே வருடம் நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலைக்கெல்லாம் தனிச் சபை வந்தது. அப்புறம் என்ன, 2023இல் வரவேண்டிய தேர்தல் இரண்டு வருடம் தள்ளிப்போனது. கதவு திறந்த கொஞ்ச காலத்திலேயே வீட்டில் ஆள் இல்லை.

நடுவில் இருக்கும் மாகாண சபையின் நிலை இன்னும் மோசம். மத்திய மாகாணத்துக்குக் கடைசியாக வாக்களித்தது 2013இல், ஊவாவுக்கு 2014இல். இப்போது ஆளுநர்தான் எல்லாம். நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை மாகாணத்தின் கையில்தான். ஆசிரியர் இல்லையென்றால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

கடைசியாக ஒன்று. உங்கள் வட்டாரத்தில் வென்ற உறுப்பினரின் பெயர் தெரியாதவர்கள் கையைத் தூக்குங்கள். பரவாயில்லை, வெட்கப்படாமல் தூக்குங்கள். பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். வென்ற உறுப்பினர்களில் இரண்டு பேர் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது தேத்தண்ணி கொடுப்பார்கள். கான் விஷயத்தை அங்கே ஆரம்பியுங்கள்.