ராஜுலா கப்பல்லேர்ந்து பர்மிட் கார்டு வரைக்கும்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை மத்தியானம், சிங்கப்பூர் தேக்கா பூரா பிரியாணி மணக்குற நேரத்துல என் பேச்சக் கேக்க வந்து உக்காந்திருக்கீங்க, பசிக்கிறதுக்குள்ள முடிச்சிடறேன். நான் வக்கீல் இல்லீங்க. கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனில 22 வருஷம் வெளிநாட்டுத் தொழிலாளிங்களுக்கு வேலை பர்மிட் போடுறதும் ரினியூ பண்றதும்தான் வேலை, அதனால சட்டம் மாறுனா முதல் தலைவலி எனக்குத்தான்.

எங்க தாத்தா நாகப்பட்டினத்துல ராஜுலா கப்பல் ஏறி வந்தவரு. 1930 வாக்குல சீன ஆம்பளைங்க இத்தன பேருதான் வரலாம்னு கோட்டா போட்டாங்க, நம்மாளுங்க பிரிட்டிஷ் பிரஜைங்கறதால அதுல மாட்டல. அந்த சலுகை 1953ல போச்சு. தொழில் தெரிஞ்சவனா, இங்க இருக்குறவனோட குடும்பமான்னு வடிகட்ட ஆரம்பிச்சாங்க. 1959ல இன்னும் இறுக்கம்: புருஷனப் பிரிஞ்சு 5 வருஷம் ஊர்லயே இருந்துட்ட மனைவி வர முடியாது, 6 வயசு தாண்டுன பிள்ளையும் வர முடியாது. குடும்பம்னா யாருன்னு ஒரு நம்பர் முடிவு பண்ணுது பாருங்க.

அதுவரைக்கும் காவல் எல்லாம் துறைமுகத்துல. 1965ல குடியுரிமை இல்லாதவங்க வேலை பாக்கணும்னா பர்மிட் வேணும்னு சட்டம் வந்துச்சு, அங்கேர்ந்து காவல் மெதுவா முதலாளி ஆபீசுக்கு வந்துடுச்சு. 80கள்ல லெவி, அதாவது வெளிநாட்டு ஆளுக்கு முதலாளி மாசாமாசம் அரசாங்கத்துக்குக் கட்டுற காசு, கூடவே ஒரு கம்பெனி இத்தன பேரத்தான் எடுக்கலாம்னு கோட்டா, அப்புறம் 1990ல வெளிநாட்டு ஊழியர்களுக்குன்னே தனிச் சட்டம். கன்ஸ்ட்ரக்ஷன்ல இப்ப ஸ்கில் கம்மியான ஆளுக்கு மாசம் 900 வெள்ளி லெவி, கூடுதல் ஸ்கில் இருந்தா 500, அதனால யார டெஸ்டுக்கு அனுப்பணும்னு கம்பெனி கணக்குப் போடுது. மனிதவள அமைச்சு ஒரு நம்பர மாத்துனா போதும், துவாஸ்லயும் பொங்கோல்லயும் யாரு வேலைக்கு இருப்பான்னு மாறிடும்.

பாண்டு விஷயத்த மட்டும் கொஞ்சம் நின்னு சொல்றேன். மலேசியாக்காரங்க தவிர ஒவ்வொரு பர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளி செக்யூரிட்டி பாண்டு, அதாவது அரசாங்கத்துக்குப் பிணைத்தொகை, கட்டணும், ஆளு ஓடிட்டா அந்தக் காசு போயிடும்னு முதலாளிக்கு பயம், அந்த பயத்துல என்ன பண்ணுவாங்க, பாஸ்போர்ட்ட வாங்கி டிராயர்ல பூட்டி வச்சிடுவாங்க. அது குத்தம், சட்டத்துல தெளிவா இருக்கு. ஆனா அந்த பயத்த உண்டாக்குனதும் சட்டம்தானே? நான் மொத மொத வேலைக்குச் சேந்த ஆபீஸ்ல ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட் கட்டு ஒண்ணு டிராயர்ல கிடந்துச்சு, பிஸ்கட் டப்பா பக்கத்துல. அப்ப வாய் தொறக்கல, இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

கம்பெனி மாறுறதும் அப்படித்தான், பொதுவா முதலாளி சம்மதம் வேணும். பர்மிட் முடிய 40 நாளைக்கும் 21 நாளைக்கும் நடுவுல மட்டும் சம்மதம் இல்லாமலே மாறலாம். ரெண்டு வருஷ பர்மிட்ல அவனுக்குக் கெடைக்கிற ஜன்னல் மூணு வாரம்கூட இல்ல! எத்தன தம்பிங்களுக்கு இது தெரியும்னு நெனைக்கிறீங்க? நான் கேட்ட வரைக்கும் பத்துல ரெண்டு பேரு, அதுவும் டார்மிட்டரில எவனோ சொல்லித் தெரிஞ்சது.

நல்லதும் நடக்குதுங்க, குறையே சொல்லிட்டிருக்கக் கூடாது. 2023லேர்ந்து இந்தியன் ரெஸ்டாரண்டுக்கு ஊர்லேர்ந்து சமையல்காரர பர்மிட்லயே எடுக்கலாம், சம்பளம் 2,000 வெள்ளிக்குக் கொறையக் கூடாது. 2025 ஜூலைலேர்ந்து இத்தன வருஷம்தான் வேலை பாக்கலாம்னு இருந்த கெடுவையும் எடுத்துட்டாங்க, 63 வயசு வரைக்கும் இருக்கலாம்.

அது வந்த வாரம் புதுக்கோட்டைத் தம்பி ஒருத்தருக்கு போன் போட்டேன். 13 வருஷமா இருக்காரு, 14 முடிஞ்சா கெளம்பணும்னு பெட்டி வாங்கி வச்சிருந்தாரு. "இனிமே போக வேணாம்பா, 63 வரைக்கும் இருக்கலாம்"னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டாரு, "வீட்டுல உள்ளவங்கள கூட்டியாரலாமாண்ணே?"

முடியாதுங்க. அதுக்கு எஸ் பாஸ், இ பாஸ்னு கூடுதல் சம்பளக்காரங்களுக்குக் குடுக்குற பாஸ்ல 6,000 வெள்ளி சம்பளம் வாங்கணும், பர்மிட்ல இருக்குறவங்களுக்கு அந்த வழியே கெடையாது. "சரிண்ணே, பெட்டி இருக்கட்டும்"னு சொல்லிட்டு போன வச்சாரு.