கணக்கு ஊருக்கு, முகம் யாருக்கு?

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் ஐயா அவர்களே, வேலைப் பளுவுக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, இந்தியர் நற்பணிச் செயற்குழு நண்பர்களே, பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப்போய் வெயிலில் காத்திருக்கும் அம்மாக்களே, அப்பாக்களே, எல்லாருக்கும் வணக்கம். மத்தியானத்திலிருந்து நாற்காலி அடுக்கி, ஒலிபெருக்கி கட்டி, சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்த தொண்டூழியர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. தலைவர் ஐயா சற்று முன்பு பழைய ஃபேரர் பார்க் திடலைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு எனக்கு நல்ல தொடக்கமாக அமைந்துவிட்டது.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது’ என்பார்கள். விளையாட்டில் உழுகிறவன் ஒருவன், கணக்கை வைத்துச் சம்பாதிக்கிறவன் வேறொருவன். பேண்டஸி லீக் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். கைபேசியில் ஆளுக்கொரு கற்பனை அணி அமைக்கிறோம். நாம் தேர்ந்தெடுத்த வீரர் நிஜ ஆட்டத்தில் கோல் போட்டால் நமக்குப் புள்ளி. அதற்கு அந்த வீரரிடம் யாராவது அனுமதி கேட்டார்களா? மூன்று விஷயம் சொல்கிறேன்: எண், அதாவது ஆட்டப் புள்ளிவிவரம், யாருடையது, முகம் யாருடையது, இதில் சூதாட்டம் எங்கே நுழைகிறது.

எண் எல்லாருடையது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நம் சிங்கப்பூர் ஓட்டக்காரர் சி. குணாளன் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். 2001இல் யு.கே. ஷியாம் 10.37 ஓடும்வரை அதுதான் நாட்டின் சாதனை. அந்த எண்ணைச் சொல்ல நான் யாருக்கும் காசு கட்ட வேண்டியதில்லை, கட்டவும் கூடாது. அமெரிக்காவில் சி.பி.சி. என்ற பேண்டஸி பேஸ்பால் நிறுவனத்துக்கும் மேஜர் லீக் என்ற தொழில்முறை பேஸ்பால் அமைப்பின் இணையப் பிரிவுக்கும் நடந்த வழக்கில், 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சி.பி.சி. பக்கம் தீர்ப்பளித்தது. பெயரும் புள்ளிவிவரமும் பொதுவில் கிடக்கும் தகவல். அவற்றைப் பயன்படுத்துவது பேச்சுரிமை. 2023இல் டெல்லி உயர் நீதிமன்றமும் கிரிக்கெட் வீரர்களைப் பற்றிய வழக்கில் ஏறத்தாழ அதையே சொன்னது. நம் ஊரில் வெறும் தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் மஞ்சள் பக்கங்கள் என்ற தொலைபேசிக் கையேட்டைப் பற்றிய வழக்கில் தெளிவாக்கிவிட்டது.

சரி, அந்த அமெரிக்கத் தீர்ப்பில் இன்னொரு காரணமும் இருந்தது. பேஸ்பால் வீரர்களுக்கு ஏற்கெனவே கை நிறையச் சம்பளம் வருகிறதாம். ஆனால் இண்டியானா மாநிலத்தில் ஃபேன்டூயல், டிராஃப்ட்கிங்ஸ் என்ற பேண்டஸி நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டவர்கள் சம்பளம் வாங்காத கல்லூரி ஆட்டக்காரர்கள். அவர்களும் 2018இல் தோற்றார்கள்! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது.

இப்போது முகம். நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். ஒரு கையில் வஞ்சிர மீன் பை, மறு கையில் மடித்த காகிதம். “தம்பி, இதில் எங்கே கையெழுத்துப் போடணும்?” என்றார். மகனைக் கால்பந்துப் பயிற்சியில் சேர்க்கும் படிவம். பையனுக்குப் பதினான்கு வயது, நல்ல கோல்காவலன். அங்கேயே நின்று படித்தேன். முதல் பக்கம் காலணி அளவு, ஒவ்வாமை, ரத்த வகை. மூன்றாம் பக்கத்தில், பையனின் பெயர், படம், குரல், ஆட்டப் பதிவு எல்லாவற்றையும் எந்த ஊடகத்திலும், எந்த விளையாட்டுச் செயலியிலும், எக்காலத்துக்கும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று ஒரு பத்தி. தமிழில் சொன்னேன். அக்கா மீன் பையைக் கீழே வைத்துவிட்டார். “எக்காலத்துக்குமா? அவன் கல்யாணம் பண்ணி, பேரன் பிறந்த பிறகுமா?” மீன்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டு, “அக்கா, போடாதீங்க!” என்றார். வரிசையில் நின்ற சீனப் பாட்டி என்ன விவரம் என்று கேட்க, அவருக்கும் மீன்காரர் மலாயில் விளக்கினார். அக்கா அந்தப் பத்தியை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டார். பயிற்சிக் கழகமும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. கேட்டிருந்தால் முதலிலேயே கிடைத்திருக்கும். கேட்கவேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

சிங்கப்பூரில் முகத்துக்கென்று தனியான சட்ட உரிமை இல்லை. பிரபலமானவராக இருந்தால், தன் பெயரைக் காட்டி மக்களை ஏமாற்றுகிறார்கள் என்று வழக்குத் தொடுக்கலாம். பெயரெடுக்காத பிள்ளைக்கு அந்த வழி எட்டாது. அவனுக்கு இருப்பது ஒப்புதல்தான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் கேட்கச் சொல்கிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் இடம் தருகிறது. இதை எத்தனை பெற்றோருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறோம்? ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே மூன்றாம் பக்கத்தைப் படிப்பதில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று நாமே விட்டுவிட்டால் எப்படி?

சூதாட்டத்தைப் பற்றிப் பேச நேரம் போதாது; தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். என் கோரிக்கை ஒன்றுதான். சமூக மன்றங்களில் மாதம் ஒரு மாலை, ஒரு மேசை, தமிழ் தெரிந்த ஒரு வழக்கறிஞர். பிள்ளையின் படிவத்தைக் கொண்டு வந்தால் வரி வரியாகத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் அவர்கள் இதற்கு ஓர் அறை ஒதுக்கித் தர வேண்டும் என்று இந்தக் கூட்டத்தின் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன். ஜனவரியில் புதிய படிவங்கள் வரும். அதற்கு முன்பே அந்த மேசையைப் போட்டுவிடுவோம். உதவ முன்வரும் வழக்கறிஞர்கள் வெளியே போகும்போது வாசலில் பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். வணக்கம்.