டெல்லியில் தொடங்கி பெரம்பூர் வரை

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூர், அயனாவரம் பக்கத்திலிருந்து நிறைய பேர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அதனால் பழைய நீராவி இன்ஜின்களைப் பற்றிய இந்தப் பேச்சை டெல்லியில் தொடங்கிப் பெரம்பூரில் கொண்டுவந்து நிறுத்துகிறேன்.

டெல்லி சாணக்யபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1977இல் திறந்தார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் பொம்மை ரயிலில் ஒரு சுற்று போய்விட்டு, பெரிய இன்ஜின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது சந்தோஷம்தான். பெரியவர்களுக்கு நான் சொல்வது, எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். இரண்டு மூன்று இன்ஜின் போதும். பக்கத்தில் போய், குனிந்து, சக்கரத்தையும் கம்பியையும் பாருங்கள்.

முதலில் பாட்டியாலா மோனோரயிலைப் பாருங்கள். தரையில் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் பாரம் பெரும்பாலும் அதன் மேல்தான். சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம், அது சாதாரண ரோட்டில் உருளும். 1907இல் பாட்டியாலா சமஸ்தானத்தில் இதைத் தொடங்கினார்கள். மகாராஜாவின் படைக்காக வளர்த்த கோவேறு கழுதைகள் சும்மா நின்றுகொண்டிருந்தன, அவற்றையே வண்டியில் பூட்டினார்கள். பெர்லினில் ஓரென்ஸ்டைன் கோப்பல் நிறுவனம் செய்த நீராவி இன்ஜின்களும் வந்தன. லாரியும் பஸ்ஸும் பெருகியதும் 1927இல் எல்லாம் நின்றுபோனது. அப்புறம் முப்பத்தைந்து வருடம் அந்த இன்ஜின்கள் ஒரு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்தன. 1962இல் மைக்கேல் சாட்டோ என்ற ஆங்கிலேயர் தேடிக் கண்டுபிடித்தார். ரயில்வே அதிகாரி இல்லை, தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பழைய இன்ஜின் மேல் இருந்த பிரியம்தான் அவரை ஊர் ஊராக அலைய வைத்தது. அருங்காட்சியகம் உருவாக அவர் ஆலோசகராகவும் இருந்தார். அவர் கண்டுபிடித்ததில் ஒன்றை அமிர்தசரஸ் பட்டறையில் பழுது பார்த்தார்கள். டெல்லியில் நிற்பது அதுதான்.

வங்காள நாகபுரி ரயில்வேயின் ‘கேரட்’ (Garratt) என்ற வகை இன்ஜினும் அங்கே நிற்கிறது. நடுவில் பாய்லர், முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதி, நிலக்கரியும் தாதுவும் இழுத்த பூதம். 1895இல் அஜ்மீர் பட்டறையில் செய்த எஃப்-734, இந்தியாவிலேயே கட்டி முடித்த முதல் இன்ஜின் என்ற பெருமையோடு நிற்கிறது. அதன் முன் கொஞ்ச நேரம் நிற்பது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

சரி, பெரம்பூருக்கு வருகிறேன். ஃபேரி குயின் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்து கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்த இன்ஜின். கிழக்கிந்திய ரயில்வேயில் அதன் எண் 22. ஹவுரா, ராணிகஞ்ச் பாதையில் ஓடி, 1909இல் ஓய்வு பெற்றது. காட்சிப் பொருளாக நின்ற அதைத் திரும்ப ஓட வைத்தது எந்த ஊர்? நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ், அதாவது இங்குள்ள ரயில் இன்ஜின் பட்டறை. 1997இல் டெல்லியிலிருந்து ஆல்வாருக்குப் பயணிகளோடு புறப்பட்டது. உலகிலேயே ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய நீராவி இன்ஜின் என்று மறு வருடமே கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதனுடன் பிறந்த 21ஆம் எண் இன்ஜினும் 2010இல் அதே பட்டறையில் உயிர் பெற்றது. சுதந்திர தினத்தன்று சென்னையில் அது புகை விட்டு ஓடியதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

நூற்றைம்பது வருடப் பழைய இன்ஜினுக்கு உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அளவெடுத்து, கடைந்து, தட்டி, பொருத்திப் பார்த்து, மறுபடி கழற்றித்தான் செய்ய வேண்டும். 1995இன் இறுதியில் அகலப் பாதையில் நீராவி நின்றுவிட்டது. அந்த வேலையைக் கையால் கற்றவர்கள் இன்னும் இருந்ததால்தான் இரண்டு இன்ஜின்களும் எழுந்தன. எனக்கு இருக்கும் கவலை இதுதான்: இரும்பைப் பெயின்ட் அடித்துக் காப்பாற்றிவிடுகிறோம், அந்தக் கைகளுக்குத் தெரிந்ததைக் காப்பாற்ற என்ன செய்திருக்கிறோம்?

ஃபயர்பாக்ஸ், அதாவது கரி எரியும் அறையின் கூரையில் ஈயம் வைத்த ஒரு செருகி இருக்கும். பாய்லரில் தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். அதுவரை போகவிடாமல் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஃபயர்மேனின் வேலை. மேடு வருமுன் எவ்வளவு கரி போட வேண்டும், புகையின் நிறம் மாறினால் என்ன பொருள், இதெல்லாம் அவருக்குத் தெரியும். காட்சிப் பலகையில் ஆண்டும் எடையும் இருக்கும், இது இருக்காது. நீலகிரி மலை ரயிலுக்குத் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறை புது நீராவி இன்ஜின்களே செய்து கொடுத்திருக்கிறது. அதனால் நம் மாநிலத்தில் இந்த வித்தை அறுந்துபோகவில்லை. ஆனால் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ லோகோ ஒர்க்ஸிலும் ஷெட்டிலும் வேலை பார்த்த பெரியவர் இருந்தால், ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் இருக்கும் சென்னை ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்ஜின் பக்கத்தில் நிற்க வைத்து, "இது என்ன, எப்படிச் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதி அருங்காட்சியகத்துக்கு, ஒன்று எனக்கு. கேட்டு எழுத்தில் கொண்டுவரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.