மலைச்சிங்கம் எங்களைக் கொல்ல வந்ததா? கோயம்புத்தூர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா அனுப்பியது. அமெரிக்காவில், தென்கிழக்கு அரிசோனாவில் நண்பருடன் கயோட்டி வேட்டைக்குப் போனபோது, எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு மலைச்சிங்கம் (பூமா என்கிற பெரிய பூனை) வந்து பதுங்கியிருந்ததைப் போன வீடியோவில் காட்டியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "அது உங்களைக் கொல்லத்தான் வந்ததா? கையில் துப்பாக்கி இருந்தும் உங்கள் நண்பர் ஏன் சுடவில்லை? என் மகன் அங்கே டூசான் நகரில் படிக்கிறான், வாரக் கடைசியில் மலையேறப் போகிறான். அவனுக்கு நான் என்ன சொல்வது?"

அம்மா, முதல் கேள்விக்குப் பதில் இதுதான். அது எங்களைத் தேடி வரவில்லை, முயலைத் தேடி வந்தது. முயல் இங்கேதான் இருக்கிறது என்று அதை நம்ப வைத்தது நாங்கள்தான்.

கயோட்டி என்பது நம் ஊர் நரியைவிடக் கொஞ்சம் பெரிய, ஓநாய்க்கு உறவான விலங்கு. அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. அதனால் இங்கே வேட்டைக்காரர்கள் அதை வரவழைக்கிறார்கள். ஒரு சின்ன ஊதுகுழல் இருக்கும். அதை ஊதினால், அடிபட்ட முயல் வலியில் கத்துவது போலவே கேட்கும். முதல் தடவை கேட்பவர்களுக்கு வயிற்றைப் பிசையும். பசியோடு இருக்கும் விலங்குக்கு அது சாப்பாட்டு மணி. டெக்சாஸில் மார்பிள் ஃபால்ஸ் என்ற ஊரைச் சேர்ந்த பர்னம் சகோதரர்கள் 1950களில் இந்தக் குழல்களை வியாபாரமாக்கிப் பிரபலப்படுத்தினார்கள். இப்போது ரிமோட்டில் இயங்கும் ஸ்பீக்கர்களே வந்துவிட்டன.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. கயோட்டிக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஊத முடியாது. அந்தப் பள்ளத்தாக்கில் காது உள்ள எல்லாவற்றுக்கும் அது அழைப்புதான். சாம்பல் நரி வரும், பாப்கேட் என்கிற காட்டுப்பூனை வரும், பருந்துகூடத் தலைக்கு மேலே வந்து வட்டமடிக்கும். மலைச்சிங்கமும் வரலாம். பூமா, கூகர் என்று சொல்வதெல்லாம் இதே விலங்குதான்.

அன்று என்ன நடந்தது என்று வீடியோவில் சரியாகத் தெரிந்திருக்காது, கேமரா முன்பக்கம் பார்த்தபடி இருந்தது. குளிர்காலக் காலை. ஓக் மரமும் புல்லும் கலந்த மேடு. நடுநடுவே மெஸ்கீட் புதர்கள், நம் ஊர் சீமைக் கருவேலத்தின் சொந்தக்காரன். ஒரு புதரை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தோம். உடம்பெல்லாம் புதரோடு புதராக மறைக்கிற கேமோ துணி, முகத்தில் வலை. காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தோம். கயோட்டி பெரும்பாலும் சுற்றி வந்து மோப்பம் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நெருங்கும் என்பதால் எங்கள் கவனமெல்லாம் இரண்டு பக்கவாட்டிலும் இருந்தது.

கயோட்டி வருவதாக இருந்தால் பொதுவாக இருபது நிமிடத்துக்குள் தலை தெரிந்துவிடும். அந்த நேரம் தாண்டியும் ஒன்றும் வரவில்லை. கடைசியாக ஒரு தடவை என்று நண்பர் குழலை வாயில் வைத்து, உள்ளங்கையால் மூடி மூடித் திறந்து ஊதினார். அப்போது பின்னால் இருந்த ஓக் மரத்தில் மெக்சிகன் ஜே பறவைகள் கூச்சல் போட ஆரம்பித்தன. நீல நிறம், கூட்டமாகவே இருக்கும். பாம்பையோ பூனையையோ பார்த்துவிட்டால் ஊரைக் கூட்டிவிடும். சத்தம் நிற்கவே இல்லை. மெதுவாகக் கழுத்தைத் திருப்பினேன்.

பத்து தப்படி தூரம் இருக்கும். வயிறு தரையைத் தொடுகிற மாதிரி பதுங்கி இருந்தது. புல்லின் நிறமும் அதன் நிறமும் ஒன்று என்பதால் உடம்பு முதலில் கண்ணுக்குப் படவே இல்லை. காதின் பின்பக்கக் கறுப்பும் மூக்கின் இரண்டு பக்கமும் இருந்த கறுப்புப் பட்டையும்தான் தெரிந்தன. வால் நுனி மட்டும் இப்படி அப்படி அசைந்தது. பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றி இடம் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுப்பூனை பல்லி மேல் பாய்வதற்கு முன்னால் இதையேதான் செய்யும். அது என்னைப் பார்க்கவில்லை. நண்பரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குழலை மூடித் திறந்துகொண்டிருந்த கையை, பழுப்பு நிறக் கையுறை போட்ட அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். முயலின் அலறல் அங்கிருந்து வருகிறது, முயல் அளவில் பழுப்பாக ஏதோ அங்கே துடிக்கிறது. மனிதன் என்று காட்டிக்கொடுக்கிற எல்லாவற்றையும் நாங்கள் மறைத்து வைத்திருந்தோம். உயரம் இல்லை, முகம் இல்லை, பேச்சு இல்லை. வாசனையாவது காட்டிக்கொடுக்காதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நாய் இனம் மூக்கை நம்பும். பூனை இனம் வேட்டையில் கண்ணையும் காதையும்தான் பெரிதும் நம்பும். கயோட்டிக்காகச் செய்த ஏற்பாடு எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. அதோடு மலைச்சிங்கம் அவசரமே படாது. ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொண்டு, புதருக்குப் புதர் நின்று நின்று வரும். அதை எதிர்பார்த்துப் போகிறவர்களே வந்ததைக் கவனிக்காமல் எழுந்து போய்விடுவது உண்டு.

நான் எழுந்து நின்று "ஏய்!" என்று கத்தினேன். வீடியோவில் படம் ஆடுகிற இடம் அதுதான். நண்பரும் எழுந்து முகவலையைக் கழற்றினார். அடுத்த நொடியே அந்த விலங்கின் தோரணை மாறிவிட்டது. தலை உயர்ந்தது, முன்னால் குவிந்திருந்த காதுகள் பக்கவாட்டில் போயின, வால் அசைவு நின்றது. இரண்டு எட்டு பின்னால் வைத்து எங்களைப் பார்த்துவிட்டு, திரும்பி நடந்து போய்விட்டது. ஓடக்கூட இல்லை. கொல்ல வந்த விலங்கு என்று பலர் கருத்துப் பகுதியில் எழுதியிருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. முயல் இல்லை, மனிதன் என்று தெரிந்ததும் அது தன் வழியில் போய்விட்டது. வட அமெரிக்கா முழுவதும் நூறு வருடங்களுக்கும் மேலான காலத்தில் மலைச்சிங்கம் தாக்கி இறந்தவர்கள் ஏறக்குறைய 30 பேர்தான். கனடாவின் யூகோனிலிருந்து சிலியின் தென்கோடி வரை வாழ்கிற, தனியாகவே ஒரு மானை வீழ்த்துகிற விலங்கு அது. நினைத்தால் இந்த எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும்.

பலர் 2020 அக்டோபரில் வந்த யூட்டா வீடியோவை அனுப்பி, இது மட்டும் என்ன என்று கேட்கிறீர்கள். பிரோவோ பக்கத்தில் ஸ்லேட் கேன்யனில் தனியாக ஓடப் போனவரை ஒரு மலைச்சிங்கம் ஆறு நிமிடம் போலத் தொடர்ந்து வந்தது. பார்க்க அதுதான் பயங்கரம்: சீறுகிறது, முன்னங்காலைத் தரையில் அடித்துப் பாய்வது போல வருகிறது. ஆனால் அது குட்டிகளோடு இருந்த தாய். அவரைத் தன் குட்டிகளிடமிருந்து விரட்டிக்கொண்டிருந்தது. அவர் முதுகைக் காட்டாமல், பேசிக்கொண்டே பின்னால் நடந்து, கடைசியில் கல்லை எடுத்து எறிந்ததும் அது ஓடிவிட்டது. சத்தம் போடுகிற பூனை உங்களைப் போகச் சொல்கிறது. சத்தமே இல்லாமல், தாழ்வாக, கண்ணை எடுக்காமல் வருகிற பூனைதான் இரை பார்க்கிறது. எங்களுக்குப் பின்னால் வந்தது அந்த இரண்டாவது வகை. ஒரு பாய்ச்சலில் பிடரியைக் கவ்வுவதுதான் அதன் வழக்கம். தவறாகப் புரிந்துகொண்டு பாய்ந்திருந்தாலும் அடிபடுவது நண்பரின் கழுத்துதான். அதனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்படி இரை என்று தவறாக நினைத்து மனிதன் மேல் பாய்வது நடக்கிற காரியம்தான். வசந்த காலத்தில் பெட்டை வான்கோழி மாதிரிக் குரல் கொடுத்து ஆண் வான்கோழியை வரவழைக்கிறவர்கள் மேல் பாப்கேட்டும் கயோட்டியும் பாய்ந்திருக்கின்றன. மொன்டானா, வயோமிங் பக்கம் எல்க் மானுக்குக் குரல் கொடுத்து உட்கார்ந்திருக்கும் வில் வேட்டைக்காரர்களிடம் கிரிஸ்லி கரடி வந்து நிற்கும்.

நம் பக்கத்திலும் இதற்குப் பழைய கதை உண்டு. 1938 நவம்பர் கடைசியில் குமாவோன் மலையில் தக் என்ற ஊரின் ஆட்கொல்லிப் பெண்புலியை வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் ஆண்புலியின் குரலில் கூப்பிட்டுத்தான் வரவழைத்தார். இருட்டுகிற நேரம், தரையில் இருந்தபடி, பின்னால் நான்கு கிராமத்து ஆட்கள். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரியில் கென்னத் ஆண்டர்சனும் அதே முறையில் ஒரு ஆட்கொல்லிப் பெண்புலியை வரவழைத்தார். அவர்கள் காட்டியது இரை ஆசை இல்லை, துணை ஆசை. எதிரே வரப்போவது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குழல் ஊதுகிறவனுக்கு அது தெரியாது.

அந்தத் தெரியாமைதான் ஏன் சுடவில்லை என்ற இரண்டாவது கேள்விக்கும் பதில். நண்பரிடம் இருந்தது கயோட்டி வேட்டைக்கான உரிமம். அரிசோனாவில் மலைச்சிங்கத்துக்குத் தனியாக டேக் என்கிற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். டேக் இருந்தாலும் புள்ளி மறையாத குட்டியையோ, அப்படிப்பட்ட குட்டிகளோடு இருக்கும் தாயையோ சுடக்கூடாது. வந்தது ஆணா பெண்ணா, பின்னால் எந்தப் பாறையிடுக்கிலாவது குட்டிகள் காத்திருக்கின்றனவா என்று அந்த நொடியில் யாருக்குத் தெரியும்? பாய்ந்திருந்தால் உயிரைக் காக்கச் சுட்டிருப்பார், அது வேறு. எழுந்து நின்று கத்தியதே போதுமானதாக இருந்தபோது சுடுவதற்கு என்ன காரணம்? நாமே பொய் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, நம்பி வந்ததற்காக அதைச் சுடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பகுதியில் அபூர்வமாக, புள்ளிகளுள்ள பெரிய பூனையான ஜாகுவார்கூட நடமாடும். டூசானுக்குத் தெற்கே சாண்டா ரீட்டா மலையில் 'எல் ஹெஃபே' என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு ஆண் ஜாகுவார் 2012 முதல் 2015 வரை கேமராக்களில் பதிவானது. அரிசோனாவின் கடைசிப் பெண் ஜாகுவார் 1963இல் ஒரு வேட்டைக்காரரின் குண்டுக்கு இரையானது. 1969இல்தான் அங்கே ஜாகுவார் வேட்டைக்குத் தடை வந்தது. அதற்கப்புறம் தெற்கிலிருந்து வந்து போனவற்றில் ஆணா பெண்ணா என்று உறுதியாகத் தெரிந்தவை எல்லாம் ஆண்களே. புல்லில் மஞ்சளாக ஏதோ அசைந்தது என்று ஒரு தோட்டாவை அனுப்பிவிட்டால் திரும்பக் கூப்பிட முடியாது.

இப்போது நாங்கள் கைக்குழலை விட்டுவிட்டு ஸ்பீக்கரைத்தான் கொண்டு போகிறோம். அதைக் குறைந்தது நாற்பது தப்படி தள்ளி வைக்கிறோம், வருகிற விலங்கு சத்தத்தின் பக்கம் போகும், எங்கள் பக்கம் வராது. தோளைவிட அகலமான பாறையில் முதுகைச் சாய்த்து உட்காருகிறோம். ஒருவர் கண் எப்போதும் பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும். பறவை சத்தம் போட்டால் வேட்டையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறோம்.

இதைக் கேட்டுவிட்டு வால்பாறைப் பக்கம் போய் போனில் மான் குரல் போட்டுப் பார்க்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம், தம்பிகளே. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இலிருந்து இருக்கிறது. அதைவிட, எஸ்டேட் வழியாகப் பள்ளிக்கு நடந்து போகிற குழந்தைகள் இருக்கிற இடத்தில் சிறுத்தையை விளையாட்டுக்குக் கூப்பிடக்கூடாது.

சரி, மகனுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். அவன் குழல் ஊதப் போவதில்லை, நடக்கப் போகிறான். நிமிர்ந்து நடக்கிற மனிதனை மலைச்சிங்கம் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும், அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. டூசான் பக்கத்தில் சபீனோ கேன்யனில் 2004இல் மலைச்சிங்கங்கள் அடிக்கடி தென்பட்டதால் கொஞ்ச நாள் மூடி வைத்தார்கள், அது உண்மைதான். இருட்டும் நேரத்திலும் விடிகிற நேரத்திலும் தனியாக ஓட வேண்டாம், இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம் என்று சொல்லுங்கள். எதிரே வந்துவிட்டால் ஓடக்கூடாது, குனியக்கூடாது, முதுகைக் காட்டக்கூடாது. அதன் கண்ணைப் பார்த்து, கையைத் தூக்கி, உரக்கப் பேச வேண்டும். தமிழிலேயே திட்டலாம். கிட்டே வந்தால் கையில் இருக்கிற பாட்டிலையோ கைத்தடியையோ எறிய வேண்டும். மேலே பாய்ந்தால் கீழே படுத்துவிடாமல் திருப்பி அடிக்க வேண்டும்.

ஆனால் அம்மா, உங்கள் இடத்தில் நான் இருந்தால் மலைச்சிங்கத்தைவிட வெயிலுக்குத்தான் பயப்படுவேன். ஜூனில் டூசானில் சர்வசாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டும். காற்று வறண்டிருப்பதால் வியர்ப்பதே தெரியாது, தாகம் தெரிவதற்குள் தலை சுற்றும். புதிதாக வந்த மாணவர்கள் ஒரே ஒரு பாட்டில் தண்ணீரோடு மேலே ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். நிறையத் தண்ணீரும் கொஞ்சம் உப்புக்கடலையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தப் பாதையில் போகிறான், எத்தனை மணிக்கு இறங்குவான் என்று அறைத் தோழனிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். கோடையில் காலை ஒன்பது மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். கொண்டு போன தண்ணீரில் பாதி தீர்ந்ததும், உச்சி எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும், அங்கேயே திரும்பிவிடச் சொல்லுங்கள்.